சான்றிதழ் நண்டலாற்றோடு நின்றுவிடுகிறது, சாதி நிற்பதில்லை

ஜூன் மாதம் பிறந்தால் எங்களுக்கு இரண்டு வேலை. ஒன்று, பிளஸ் டூ முடித்த எங்கள் சேரிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. இரண்டு, சென்னையில் சீட்டு கிடைத்த பிள்ளைகளுக்கு அங்கே தங்க இடம் தேடுவது. முதல் வேலை கம்ப்யூட்டர் சென்டரில் ஒரு மதியத்தோடு முடிந்துவிடும். இரண்டாவது வேலை ஆகஸ்ட் வரை இழுக்கும். சில பிள்ளைகளுக்கு அது முடியவே முடியாது. சீட்டை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். "என்னம்மா, சென்னைக்குப் போறேன்னு சொன்னியே?" என்று கேட்டால், "ஒத்துக்கலக்கா" என்பார்கள். தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

வீடு தேடும் பேச்சு எப்படி நடக்கும் என்று தெரியாத தோழர்களுக்காகச் சொல்கிறோம். 'டு-லெட்' போர்டைப் பார்த்து எங்களில் ஒருவர் போன் செய்வார். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கரண்ட் எல்லாம் பேசி முடித்த பிறகு அந்தக் கேள்வி வரும்.

"எந்த ஊரும்மா?"

"காரைக்கால்."

"சனீஸ்வரன் கோயில் ஊரா?"

"அது திருநள்ளாறு. பக்கத்துலதான்."

"ஓ! ஊர்ல எந்தத் தெரு?"

சென்னையில் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா காரைக்காலை ஒரு தடவை சனிப்பெயர்ச்சிக்கு வந்து பார்த்திருக்கலாம். எங்கள் ஊரில் எத்தனை தெரு இருக்கிறது, எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. ஆனாலும் தெருப் பெயர் வேண்டும். தமிழ்நாட்டில் தெரு என்பது முகவரி அல்ல, சாதி. சில பேர் இதைவிட நாசூக்காகக் கேட்பார்கள். குலதெய்வம் எது? அப்பா என்ன வேலை? வீட்டில் என்ன சமைப்பீர்கள்? இவ்வளவுக்கும் சரியாகப் பதில் சொல்லித் தப்பித்துவிட்டாலும் கடைசியில் ஆதார் நகல் கேட்பார்கள். அதில் 'ஆதிதிராவிடர் தெரு' என்றோ 'காலனி' என்றோ அச்சாகியிருக்கும். மறுநாள் போன் வரும். "ஊர்லேர்ந்து எங்க அக்கா பையன் வர்றான்மா, ரூம் அவனுக்கு வேணும்." சென்னையில் எத்தனை அக்கா பையன்கள் திடீர் திடீரென்று ஊரிலிருந்து வருகிறார்கள் என்று நாங்கள் கணக்கு வைக்கத் தொடங்கியிருந்தால் ஒரு நோட்டு நிறைந்திருக்கும்.

இதைப் படித்துவிட்டுப் பரிதாபப்பட வேண்டாம். இதில் நாங்களும் குற்றவாளிகள். அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் மற்றவர்களைக் கேள்வி கேட்க வேண்டும்.

நெடுங்காடு பக்கத்துப் பெண் ஒருத்திக்குச் சென்னைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. கிடைத்தது. மதிப்பெண்ணுக்குக் கிடைத்த சீட்டு. கல்லூரி விடுதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஏழு வீடு பார்த்தோம். ஏழும் தட்டிப் போனது. எட்டாவது வீட்டுக்குப் போகும்போது, எலெக்ட்ரிக் டிரெயினில் வைத்து, எங்களில் ஒருவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "கேட்டா நம்ம தெருவைச் சொல்லாதே. மெயின் ரோடுன்னு சொல்லு. ஆதார் கேட்டா காலேஜ் ஐடி கார்டைக் குடு." அவள் எங்கள் முகத்தைப் பார்த்தாள். எங்கள் மாலை வகுப்பில் ஏழு வருடம் 'கல்வி, ஒன்றுசேர், போராடு' என்று சொல்லிக் கொடுத்தவர்கள் நாங்கள்தான். அந்த வகுப்பில் பாபாசாகேப் படத்தைச் சுவரில் மாட்டியவளே அவள்தான்.

வீடு கிடைத்தது. மாடியில் ஒரு அறை, இன்னொரு பெண்ணோடு ஷேரிங். நாலு மாதம் அவள் மெயின் ரோட்டுப் பெண்ணாக இருந்தாள். அம்மா போன் செய்தால் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினாள். ஊரிலிருந்து கருவாடு கொண்டுவரக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். டிசம்பர் 6 அன்று ஒரு நிமிடம் மறந்துவிட்டாள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பாபாசாகேப் படம் போட்டாள். இரவே வீட்டுக்காரம்மா மேலே வந்தார். "பையனுக்குக் கல்யாணம் பேசியிருக்கோம்மா, மாசக் கடைசியில காலி பண்ணிடு." செமஸ்டர் தேர்வு நடந்துகொண்டிருந்த நேரம். கட்டட வேலை பார்க்கும் சித்தப்பாவின் ஒற்றை அறையில், செங்கல்பட்டுக்குப் பக்கத்தில், ஐந்து பேரோடு ஆறாவது ஆளாகப் போய்ப் படுத்துக்கொண்டு மிச்சத் தேர்வுகளை எழுதினாள்.

அவளை வெளியே அனுப்பியது வீட்டுக்காரம்மா. ஆனால் நாலு மாதம் அவளை ஒளிந்து வாழவைத்தது நாங்கள். அந்தப் பொய்யைச் சொல்லாமல் வேறு வழி இருந்ததா என்று இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை நடக்கிறது.

தாத்தா இரட்டைமலை சீனிவாசன் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதியிருக்கிறார். கோயம்புத்தூரில் அவர் படித்த கல்லூரியில் ஏறத்தாழ நானூறு மாணவர்கள், அவர்களில் பத்துப் பேர் போக மற்ற எல்லாரும் பிராமணர்கள். தம் சாதி தெரிந்துவிடுமோ, ஊரும் இருப்பிடமும் தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் அவர் மற்ற பிள்ளைகளோடு விளையாடவே போகவில்லை. அது சுமார் நூற்று நாற்பது வருடங்களுக்கு முந்தைய கதை. 1917 இல் வெளிநாட்டில் படித்துத் திரும்பிய பாபாசாகேப், பரோடாவில் தங்க இடம் கிடைக்காமல் ஒரு பார்சி விடுதியில் வேறு பெயரில் தங்க வேண்டியிருந்ததும், கண்டுபிடித்த பிறகு தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியதும் நம் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் இருவரும் பட்டதை இனி எவரும் படக் கூடாது என்றுதான் இயக்கம் வளர்ந்தது. அந்த இயக்கத்தைச் சேர்ந்த நாங்கள், ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு அதே வேஷத்தைக் கட்டிவிட்டோம்.

இனி எல்லைக்கு வருவோம். ஏனென்றால் காரைக்கால் பிள்ளைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எங்கள் மாவட்டம் 2011 கணக்கெடுப்பின்படி இரண்டு லட்சம் பேர் வாழும் சின்ன நிலம். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. வடக்கே பூவம் தாண்டி நண்டலாற்றுப் பாலம் ஏறினால் தரங்கம்பாடிப் பக்கம். தெற்கே வாஞ்சூர் தாண்டினால் நாகூர். பிரெஞ்சுக்காரன் 1739 இல் தஞ்சாவூர் ராஜாவிடம் வாங்கிய இடம் என்பதால் வந்த எல்லை இது. பேச்சு ஒன்று, சாப்பாடு ஒன்று, கொடுக்கல் வாங்கல் ஒன்று. பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் அத்தை வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. இரண்டு பக்கத்திலும் ஊர் ஒரு இடத்தில், சேரி ஒரு இடத்தில். சுடுகாடும் அப்படித்தான்.

ஆனால் சட்டப்படி நாங்கள் வேறு. புதுச்சேரிக்கென்று 1964 இல் குடியரசுத் தலைவர் தனிப் பட்டியல் சாதி ஆணை பிறப்பித்தார். தமிழ்நாட்டுக்கு வேறு பட்டியல். இரண்டிலும் பறையர் உண்டு, பள்ளர் உண்டு, சக்கிலியர் உண்டு, ஆதிதிராவிடர் உண்டு. ஒரே பெயர், ஒரே மக்கள். ஆனாலும் ஒரு மாநிலத்தின் பட்டியலில் இருப்பவர் இன்னொரு மாநிலத்துக்குப் போனால் அங்கே அந்தச் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990 இல் மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் சொல்லிவிட்டது. அந்த வழக்கும் ஒரு மாணவர் போட்டதுதான். ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் இருந்த குடும்பம், அப்பாவின் வேலைக்காகப் பம்பாய் வந்தது, பையன் மருத்துவக் கல்லூரியில் இடம் கேட்டான், கிடைக்கவில்லை. 2018 இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வும் பீர் சிங் வழக்கில் இதையே உறுதி செய்தது. மத்திய அரசின் கல்வி நிறுவனங்களில் எங்கள் சான்றிதழ் செல்லும். தமிழ்நாடு அரசின் வாசலில் செல்லாது.

இதன் விளைவு என்ன? செங்கல்பட்டுக்குப் போன அந்தப் பெண்ணுக்காகச் சென்னையிலுள்ள ஓர் அரசு விடுதிக்கு விண்ணப்பம் எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்த அலுவலர் நல்ல மனிதர். சான்றிதழைப் புரட்டிப் பார்த்தார். "இது பாண்டிச்சேரி சர்ட்டிபிகேட்மா. இங்க செல்லாது. நீங்க எங்களுக்கு எஸ்சி இல்ல" என்றார்.

நீங்க எங்களுக்கு எஸ்சி இல்ல! வீட்டுக்காரம்மாவுக்கு அவள் எஸ்சி. அரசு விடுதிக்கு அவள் எஸ்சி இல்லை. வீடு மறுக்கும்போது சாதி 300 கிலோமீட்டர் அவள் கூடவே பஸ் ஏறி வருகிறது. படுக்கை கேட்கும்போது அதே சாதி நண்டலாற்றுப் பாலத்தில் இறங்கிக்கொள்கிறது. அவள் ஆதாரில் இருக்கும் 'காலனி' என்ற சொல்லுக்குச் சென்னையில் முழு மதிப்பு உண்டு. அவள் கையிலிருக்கும் சாதிச் சான்றிதழுக்கு அங்கே மதிப்பே கிடையாது. அரசுப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்கப்போவதாகத் தமிழ்நாடு முதலமைச்சர் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்றோம். ஆனால் அந்த நல்லதும் பாலத்தோடு நின்றுவிடும். எங்கள் ஆதாருக்கு அது வராது.

எங்கள் பக்கமும் யோக்கியம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். புதுச்சேரியில் 'பூர்வீக அட்டவணை இனத்தவர்', 'குடிபெயர்ந்த அட்டவணை இனத்தவர்' என்று நம்மையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய நம் சனத்தைப் பார்த்து, நம் ஆட்களே "இவங்க நம்ம பங்கைத் தின்ன வந்தவங்க" என்று பேசுவதைக் கேட்டிருக்கிறோம். அரசு வேலையில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கு வேறு. அதை நாங்கள் இங்கே கிளறவில்லை. நாங்கள் கேட்பது வேலை அல்ல. மூன்று வருடம் படுத்துப் படிக்க ஒரு கட்டில்.

இதைப் பேசும்போதெல்லாம் நண்பர்கள் சிலர் நான்கு பதில்களைத் தயாராக வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் பதில்: "பேச்சிலர்னா யாருக்குமே வீடு கிடைக்காதுங்க." உண்மைதான். கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு வீடு கொடுக்கத் தயங்குகிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணோடு ஷேரிங்கில் இருந்தவளும் கல்யாணமாகாத பெண்தான். டிசம்பர் கடைசியில் அவளைக் காலி செய்யச் சொல்லவில்லை. வீட்டுக்காரர் பையனின் கல்யாணத்துக்குப் பாதி அறை போதும்போலிருக்கிறது.

இரண்டாவது பதில்: "அது சாதி இல்ல, சாப்பாடு." சரி, சாப்பாடு என்றே வைத்துக்கொள்வோம். சமைப்பதே இல்லை, மெஸ்ஸில்தான் சாப்பிடுகிறேன் என்று சொல்லும் பெண்ணிடம் தெருப் பெயரை ஏன் கேட்கிறீர்கள்? தமிழ்நாட்டில் மிகப் பெரும்பாலான சாதிகள் கறி, மீன் தின்பவை. ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும் வீட்டுக்காரரே 'வெஜிடேரியன்ஸ் ஒன்லி' போர்டு மாட்டுவதைப் பார்த்திருக்கிறோம். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடி உணவகம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனி கை கழுவும் இடம் என்று தாள் ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகு கிழித்தெடுத்தார்கள். சாப்பாட்டுக்கு வாசல் எதற்கு? வாசல் மனிதர்களுக்குத்தான்.

மூன்றாவது பதில்: "நகரத்துல யார் சாதி பாக்குறா?" நாங்களும் சமூகவியல் வகுப்பில் இதைத்தான் படித்தோம். நகரம் வளர வளரச் சாதி கரையும் என்று தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கினோம். கிராமத்தை விட்டு வெளியேறுங்கள் என்றுதான் பாபாசாகேப்பும் நம்மிடம் சொன்னார். ஆனால் நகரம் என்ன செய்து வைத்திருக்கிறது? இந்தியாவின் ஏழு பெரு நகரங்களில் வார்டு வாரியாக யார் எங்கே வாழ்கிறார்கள் என்று திரினா விதயத்தில், காயத்ரி சிங் இருவரும் ஆராய்ந்து 2012 இல் எழுதினார்கள். ஏழில் சென்னையும் உண்டு. பணத்தால் பிரிந்து வாழ்வதைவிடச் சாதியால் பிரிந்து வாழ்வது அதிகம் என்பது அவர்கள் கண்டது. தில்லி வட்டாரத்தில் சுகதேவ் தோரட்டும் மற்றவர்களும் செய்த ஆய்வு 2015 இல் வந்தது. ஒரே மாதிரி தகுதி உள்ளவர்களை வாடகை வீடு கேட்க வைத்தார்கள், பெயர் மட்டும் வேறு. போனில் கேட்ட தலித்துகளில் நூற்றுக்கு 18 பேருக்கு நேரடியாக மறுப்பு. இன்னும் 23 பேருக்குக் கூடுதல் வாடகை போன்ற நிபந்தனைகள். முஸ்லிம்களுக்கு மறுப்பு 31. மேல்சாதிப் பெயர் சொன்னவர்களில் ஒருவருக்கும் மறுப்பு இல்லை. முஸ்லிம் தோழர்களின் நிலைமை நம்மைவிட மோசம் என்பதைச் சேர்த்தே பதிவு செய்கிறோம்.

நான்காவது பதில்தான் எல்லாரும் கைதட்டும் பதில். "என் வீடு, என் இஷ்டம். பிடிச்சவனுக்குத்தான் விடுவேன்." இந்த இஷ்டத்துக்கு நம் நாட்டில் நீதிமன்றத் துணையும் கிடைத்திருக்கிறது. குறிப்பிட்ட ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே வீடு என்று வீட்டு வசதிக் கூட்டுறவுச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005 இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கடை, ஓட்டல், பொழுதுபோக்கு இடங்களில் பாகுபாடு கூடாது என்று சொல்லும் அரசமைப்பின் 15(2) பிரிவு வாடகை வீட்டைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆகவே சட்டமே இல்லை என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். வக்கீல்கள்கூட எங்களிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறது தோழர்களே. 1955 முதல் இருக்கிறது. குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று இன்று பெயர். அதன் 4 ஆவது பிரிவை எடுத்துப் படியுங்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதற்கோ, வாங்குவதற்கோ, அதில் குடியிருப்பதற்கோ தீண்டாமையின் பேரில் தடை போடுவது குற்றம். பொதுமக்களுக்காக நடத்தப்படும் விடுதியில் சேர்க்க மறுப்பது 5 ஆவது பிரிவின்படி குற்றம். 7 ஆவது பிரிவு 'புறக்கணிப்பு' என்றால் என்ன என்று விளக்குமிடத்தில் முதலில் சொல்வதே வீட்டையோ நிலத்தையோ வாடகைக்குத் தர மறுப்பதைத்தான். 12 ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால், செயல் தீண்டாமையின் பேரில் நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று எதிர்த் தரப்புதான் நிரூபிக்க வேண்டும்.

இவ்வளவு பலமான சட்டம். தண்டனை எவ்வளவு தெரியுமா? ஒரு மாதம் முதல் ஆறு மாதம் சிறை. அபராதம் நூறு ரூபாய் முதல் ஐந்நூறு ரூபாய் வரை. இன்றைக்குச் சென்னையில் வீடு பார்க்கப் போய்வரும் ஆட்டோ கூலி அதற்குச் சரியாகிவிடும். அந்த ஐந்நூறு ரூபாய்கூட வாடகை மறுத்த யாரிடமும் வசூலானதாக எங்கள் வேலையில் ஒரு தடவையும் பார்த்ததில்லை. 1989 ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சமூகப் புறக்கணிப்பையும் பொருளாதாரப் புறக்கணிப்பையும் குற்றமாக்கியது. அடியும் இரத்தமும் இருந்தாலே வழக்குப் பதியத் தயங்கும் காவல் நிலையத்தில், "வீடு தரமாட்டேன்னு சொன்னாங்க" என்று போய் நின்றால் சிரிப்பார்கள். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023 இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அதில் வாடகை வீடும் அடக்கம். அந்தச் செய்தியை நம் ஆட்கள் எல்லாரும் பகிர்ந்தார்கள், நாங்களும் பகிர்ந்தோம். சியாட்டிலுக்கு 68 வருடம் முன்பே நம்மிடம் இருந்த சட்டத்தை எத்தனை பேர் பகிர்ந்திருப்போம்?

அடுத்து பணம். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பிள்ளை எந்த மாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் தர வேண்டும் என்பதால் இது பாலத்தில் நிற்காத ஒரே உதவி. கல்விக் கட்டணம் தனியாக வருகிறது. 2020-21 முதல் மாற்றியமைக்கப்பட்ட விதிகளின்படி, சாதாரண பட்டப்படிப்புக்குப் படிப்புப் படி எவ்வளவு? விடுதியில் இருந்தால் வருடத்துக்கு 6,000 ரூபாய். விடுதியில் இல்லாமல் வெளியிலிருந்து வந்து போனால் வருடத்துக்கு 3,000 ரூபாய். மாதத்துக்கு 250. அந்தப் பெண் ஷேரிங்குக்குக் கொடுத்த வாடகை மாதம் 4,500, சாப்பாடு இல்லாமல். விடுதி கிடைக்காத பிள்ளைக்குத்தான் செலவு அதிகம். அரசு அவளுக்குத்தான் பாதி தருகிறது. அவளை 'வீட்டிலிருந்து வருபவள்' என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த வீட்டிலிருந்து?

"உங்களுக்குன்னு தனி ஹாஸ்டல் இருக்கே, அப்புறம் என்ன?" என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த விடுதிகள் எவர் போட்ட பிச்சையும் இல்லை. ஊருக்குள் வீடு தரமாட்டோம் என்று சொன்ன சமூகத்திடம் போராடி வாங்கியவை. எம்.சி.ராஜா பெயரில் சைதாப்பேட்டையில் நிற்கும் விடுதியில் தங்கிப் படித்து வக்கீலானவர்கள், பேராசிரியரானவர்கள் நம்மில் எத்தனையோ பேர். தண்ணீருக்கும் சோற்றுக்கும் கக்கூசுக்கும் அந்த மாணவர்கள் எத்தனை தடவை சாலையில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள் என்பதையும் நாம் மறக்கவில்லை. 2025 ஜூலையில் தமிழ்நாடு அரசு இவற்றையெல்லாம் 'சமூகநீதி விடுதிகள்' என்று பெயர் மாற்றியது. பெயர் நல்ல பெயர். அந்தச் சமூகநீதிக்குள் தரங்கம்பாடிப் பெண் வரலாம், நாலு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூவத்துப் பெண் வர முடியாது என்பதுதான் எங்கள் கேள்வி.

விடுதி இருந்தால் மட்டும் எல்லாம் தீர்ந்துவிடும் என்றும் நாங்கள் சொல்லவில்லை. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவும் நான்கு தோழர்களும் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டு, பல்கலைக்கழக வளாகத்தில் திறந்தவெளியில் படுத்தார்கள். அந்த இடத்துக்கு 'வெலிவாடா' என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் சேரி என்று அர்த்தம். 2016 ஜனவரி 17 அன்று ரோகித்தை இழந்தோம். படிக்கும் பிள்ளையிடமிருந்து படுக்கும் இடத்தைப் பிடுங்குவது எவ்வளவு பெரிய வன்முறை என்று தெரிந்துகொள்ள நமக்கு ஓர் உயிர் தேவைப்பட்டது.

எங்கள் மாவட்டத்திலேயே நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. திருவேட்டக்குடியில் என்ஐடி இருக்கிறது. வேறு மாநிலத்துப் பிள்ளைகள் அங்கே வந்து படிக்கிறார்கள். அவர்களுக்கு வளாகத்துக்குள்ளேயே விடுதி உண்டு. ராஜஸ்தானிலிருந்து வரும் பிள்ளை கோட்டுச்சேரியில் தெருத்தெருவாக வீடு தேடி அலைய வேண்டியதில்லை. அதில் எங்களுக்குப் பொறாமை இல்லை. சீட்டு கொடுத்தால் கட்டிலும் கொடுக்க வேண்டும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. சென்னையில் புதுச்சேரி அரசுக்கு விருந்தினர் இல்லம் இருக்கிறது. தில்லியிலும் இருக்கிறது. அமைச்சரும் அதிகாரியும் சென்னைக்குப் போனால் யாரிடமும் தெருப் பெயர் சொல்லாமல் படுத்து எழுந்து வரலாம். இட ஒதுக்கீட்டைப் பற்றி மேடைக்கு மேடை பேசுகிறவர்களே, எங்கள் பிள்ளைக்குத் தங்க ஓர் இடத்தை ஒதுக்குங்கள்.

எங்கள் கோரிக்கைகள் இவை:

1. புதுச்சேரி அரசின் ஆதிதிராவிடர் நலத்துறை, சென்னையில் மாணவியருக்கு ஒன்று, மாணவருக்கு ஒன்று என்று விடுதி எடுத்து நடத்த வேண்டும். கட்டும் வரை வாடகைக் கட்டடத்தில் நடத்தட்டும். பட்டியல் சாதி மாணவர் விடுதி கட்டுவதற்கு மத்திய அரசின் பிஎம்-அஜய் திட்டத்தில் பணம் உண்டு. கேட்க வேண்டியது அரசின் வேலை.

2. அதுவரை, விடுதி கிடைக்காமல் வெளியூரில் வாடகைக்குத் தங்கும் மாணவருக்கு உண்மையான வாடகைக்கு ஈடான தொகையை மாதாமாதம் தர வேண்டும்.

3. தமிழ்நாடும் புதுச்சேரியும் உட்கார்ந்து பேசி, ஒருவர் சான்றிதழை மற்றவர் விடுதிப் படுக்கைக்கு மட்டுமாவது ஏற்றுக்கொள்ள வேண்டும். தரங்கம்பாடிப் பிள்ளைக்குக் காரைக்காலில் இடம், காரைக்கால் பிள்ளைக்குச் சென்னையில் இடம். ஆற்று நீருக்கு ஒப்பந்தம் போடத் தெரிந்தவர்களுக்கு இதுவும் தெரியும்.

4. தமிழ்நாட்டில் தனியார் பெண்கள் விடுதிகள் 2014 ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் பெற வேண்டும். சாதி கேட்கமாட்டேன், சாதி பார்த்து மறுக்கமாட்டேன் என்ற உறுதிமொழியை உரிமத்துக்கு நிபந்தனையாக்குங்கள். அட்வான்ஸுக்கு உச்சவரம்பு பேசும் 2017 ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்திலும் சாதிப் பாகுபாட்டுக்கு ஒரு பிரிவு சேருங்கள்.

5. கல்லூரிகளிலுள்ள எஸ்சி, எஸ்டி பிரிவுகள் சான்றிதழ் சரிபார்ப்பதோடு நிற்கக் கூடாது. வெளியே தங்கும் மாணவரிடம் வீடு மறுப்புப் புகார்களை வாங்கிக் காவல் நிலையத்துக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும்.

பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறோம். இந்த ஜூன் முதல் எங்கள் குழுவில் யாரும் உங்களிடம் தெருவை மாற்றிச் சொல்லச் சொல்லமாட்டோம். ஆனால் பொய் சொல்லி வீடு வாங்கியிருக்கும் எந்தப் பிள்ளையையும் நாங்கள் குறை சொல்லவும் மாட்டோம். அது உங்கள் வெட்கம் இல்லை, கேட்டவர்களின் வெட்கம். யாராவது தெருவைக் கேட்டு மறுத்தால் தேதி, நேரம், இடம், பேசிய வார்த்தை நான்கையும் அன்றே எழுதி வையுங்கள். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால் அழிக்காதீர்கள். 1955 சட்டத்தின் 4 ஆவது பிரிவைப் போட்டுப் புகார் எழுதுவோம். காவல் நிலையத்தில் சிரித்தால் சிரிக்கட்டும், ரசீது கொடுக்கும் வரை கூடவே உட்கார்ந்திருப்போம். ஐந்நூறு ரூபாய் அபராதம்தான் என்றாலும் ஒருவரிடமாவது அதை வசூலித்துவிட வேண்டும்.

அந்தப் பெண் படிப்பை விடவில்லை. செங்கல்பட்டிலிருந்து காலை டிரெயின் பிடித்துப் போய்வருகிறாள். போன மாதம் ஊருக்கு வந்தபோது மாலை வகுப்புக்கு வந்தாள். சுவரில் பாபாசாகேப் படம் கொஞ்சம் சாய்ந்திருந்ததை நேராக்கினாள். எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஜெய்பீம்.